கடைசியாக ஏறுகிறவர்

ஆகஸ்ட் 14, புதன். பாளையங்கோட்டை

பச்சைக் கொடி காட்டுகிற ரயில்வே கார்டாக இருந்த முப்பத்தாறு வருடத்தில் நான் எழுதியதெல்லாம் கார்டு ஜர்னல் ஒன்றுதான். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், தாமதம் என்றால் என்ன காரணம். வேறு எதையாவது எழுதினால் மெமோ வரும். ஓய்வு பெற்று ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. எழுத ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்று இருந்தது. இந்தப் பயணத்துக்காக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். சட்டைப் பையில் அடங்கும்.

பயணம் என்னுடையது அல்ல, என் மனைவி குழல்வாய்மொழியுடையது. இங்கே பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. பிரியாணிக்குப் போடுகிற கற்பாசி இருக்கிறதே, பாறையிலும் மரப்பட்டையிலும் பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது, அதன் வகைகளைத்தான் இருபது வருடமாக மலை மலையாக ஏறித் தேடுகிறாள். நான் அதை மசாலா ஆராய்ச்சி என்பேன். நார்வே நாட்டில் பெர்கன் என்கிற ஊரில் உலகத்துக் கற்பாசிக்காரர்கள் எல்லாரும் கூடுகிற மாநாடு. அவளுக்கு இருபது நிமிடம் பேச இடம் கிடைத்திருக்கிறது. நான் கூடப் போகிறேன். மாநாட்டுக்கு முன்னும் பின்னும் மலை ரயில், நகர ரயில் எல்லாவற்றுக்கும் மே மாதமே டிக்கெட் எடுத்துவிட்டேன். அது என் இலாகா.

இன்னொரு விஷயம். அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஜூலையில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மாநாட்டில் நேரில் பார்த்துப் பேசி எல்லாம் சரியாக இருந்தால், ஜனவரி முதல் இரண்டு வருடம் அங்கேயே வேலை. என்னிடம் அவள் சொல்லவில்லை. அச்செடுத்து பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் படித்துவிட்டேன். படித்தது அவளுக்கும் தெரியும், மடிப்பை மாற்றி வைத்துவிட்டேன்.

எனக்கு இதில் கருத்து எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி. சென்னை

விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். காரணம் அறிவிக்கப்படவில்லை. நாங்கள் இப்படி விட்டிருந்தால் சும்மா இருப்பார்களா?

ஆகஸ்ட் 17, சனி. பெர்கன்

மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தோம். ஊர் ஏழு மலைக்கு நடுவில் இருக்கிறது, கடலும் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது. மழை என்றால் நம் ஊர் அடைமழை இல்லை, குற்றாலத்துச் சாரல் மாதிரி முகத்தில் தூவிக்கொண்டே இருக்கிறது. குழலு குற்றாலத்துக்காரி. அந்த ஊர் அம்மன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தே நடந்தாள்.

"சீசன் மாதிரியே இருக்குல்லா?" என்றாள்.

"இங்க வருசம் பூராவும் இப்படித்தானாம். டிசம்பர்ல சூரியன் ஆறு மணி நேரம்தான் இருக்குமாம், அதுவும் மலைக்குப் பின்னாலயாம்" என்றேன். தகவலுக்காகச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள்.

தங்குகிற வீட்டில் அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கிறது. அரிசி, பருப்பு, ரசப்பொடி கொண்டு வந்திருக்கிறோம். வீட்டுக்காரர் தயிர் வாங்கி வைத்திருந்தார், நாங்கள் கேட்காமலே. இந்தியர்கள் முதலில் தயிரைத்தான் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. பெர்கன் - மிர்தால் - ஃபிளாம் - பெர்கன்

மாநாடு நாளைக்குத்தான். இன்று மலை ரயில். பெர்கனிலிருந்து மிர்தால் என்கிற மலை ஸ்டேஷன் வரை பெரிய வண்டி. அங்கிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிற சின்ன வண்டி. செங்கோட்டை மலைப்பாதையில் மீட்டர்கேஜ் காலத்தில் எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன், ஏற்ற இறக்கம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் இந்த இறக்கத்தில் ஒரு உலுக்கல் இல்லை, பிரேக் பிடிக்கிற நாற்றம் இல்லை. அந்த டிரைவர் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

நடு வழியில் வண்டி நின்றது. என்ன கோளாறோ என்று எழுந்தேன். ஒன்றுமில்லை, ஒரு அருவி. எல்லாரும் இறங்கிப் பார்ப்பதற்காக நிறுத்துகிறார்கள்! பாறை மேல் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் பாட்டுக்கு ஆடுகிறாள், மோகினி மாதிரி ஏதோ கதையாம். தாமதம் ஐந்து நிமிடம், காரணம் அருவி. இப்படி ஒரு வரியை நான் ஜர்னலில் எழுதியிருந்தால் எங்கள் அதிகாரி மயங்கி விழுந்திருப்பார்.

எல்லாரும் அருவியைப் படம் எடுத்தார்கள். குழலு மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடை ஓரத்துப் பாறையில் குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் கேட்டு எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் கீழேயே நின்றேன்.

"ஏறுங்க! எதைப் பாத்துட்டு நிக்கீய?" என்று கதவிலிருந்து சத்தம் போட்டாள்.

என்ன செய்ய, பழக்கம். கார்டு என்பவன் கடைசியாகத்தான் ஏறுவான். எல்லாரும் ஏறியாயிற்றா, யாரும் கதவில் தொங்கவில்லையா என்று முன்னும் பின்னும் பார்த்து, பச்சைக் கொடி காட்டி, வண்டி உருள ஆரம்பித்த பிறகு, தன்னிடம் வந்து சேர்கிற கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் கால் வைப்பான். முப்பத்தாறு வருடம் அப்படி ஏறிய காலுக்கு, நிற்கிற வண்டியில் ஏறுவது கூச்சமாக இருக்கிறது. காலையில் பெர்கனிலும் இதே கதைதான். கதவுகள் தானாக மூடுகிற வண்டி இது என்று அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது கற்பாசி பற்றிச் சொன்னாள். அது ஒரு உயிர் இல்லையாம், இரண்டாம். ஒரு காளானும் ஒரு பாசியும் ஒன்றாகக் குடித்தனம் செய்கின்றன. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது, காளான் வீடு கட்டிக் கொடுக்கிறது.

"பரவால்லையே, நம்மள மாதிரி" என்றேன்.

"அதுலதான் சண்டை. அது சேந்து வாழுததா, இல்ல காளான் பாசியப் பூட்டி வச்சுச் சாப்பிடுதான்னு இன்னும் முடிவாவல" என்றாள்.

பிறகு மிர்தால் வந்துவிட்டது. வண்டி மாற வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள். பெர்கன்

அவள் காலை எட்டரைக்கு மாநாட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாக, கயிறு கட்டி மலை மேல் இழுக்கிற ரயிலில் போனேன். எட்டு நிமிடம். மேலே போனால் ஊர் முழுக்கத் தெரிகிறது. அரை மணி நேரம் பார்த்தேன். கூட யாரும் இல்லாமல் எவ்வளவு நேரம் பார்ப்பது? இறங்கி வந்து தக்காளி வாங்கி ரசம் வைத்தேன்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவள் ஏழரைக்கு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ரசத்தை இரண்டு தரம் சுட வைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"ரெண்டு தரம்தான?" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய். பெர்கன்

இன்று அவள் பேசினாள். அரக்குக் கலர் கைத்தறிச் சேலை, மேலே ஸ்வெட்டர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல்தான், ஆனால் அந்த மண்டபமே அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. அகஸ்தியமலைப் பக்கம் அவள் கண்டுபிடித்த ஒரு வகையைத் திரையில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஓரம் சுருண்ட ஒரு பொருக்கு. அதைக் கண்டதும் வெள்ளைக்காரர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் கிழவர் ஒருவர் எழுந்து மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கைதட்டினார்கள். நான் கொஞ்சம் அதிகமாகத் தட்டிவிட்டேன் போல, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

டோர்டிஸ் என்கிற பேராசிரியை வந்து கை குலுக்கினார். கடிதம் எழுதியவர் அவர்தான். "உங்கள் மனைவி பார்ப்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வேலை உறுதி. வெப்ப நாட்டு மலைகளிலிருந்து வந்த கற்பாசி மாதிரிகள் நூறு வருடமாகப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பெயர் வைக்க வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் அறைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலையே அவர் கப்பலில் வடக்கே போகிறார். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொல்லுதீய?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா என்ன அர்த்தம்?"

"உன் இஷ்டம்னு அர்த்தம். உனக்கு முழங்கால் வலி இருக்கு, குளிர் ஆவாது. ஆனா உன் இஷ்டம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைவிடத் திறந்த மனதோடு ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் 21, புதன். பெர்கன்

மாநாடு முடிந்தது. நாளைக்குத் தலைநகர் ஆஸ்லோவுக்குப் போகாமல் இங்கேயே இருந்து யோசிக்கலாமா என்று கேட்டாள். டிக்கெட் மே மாதமே எடுத்ததாயிற்றே, வெள்ளிக்கிழமை திரும்புகிற வண்டி மூன்று மணிக்கே பெர்கன் வந்துவிடுமே என்றேன். சரி என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்ய வழி இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன். ஆஸ்லோ

ஏழு மணி நேரப் பயணம். இந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு நான் இங்கே ஒரு கும்பிடு போடுகிறேன். மரமே முளைக்காத உயரத்தில், ஆகஸ்டிலும் பனி கிடக்கிற மேட்டில், தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஃபின்சே என்று ஒரு ஸ்டேஷன். கடல் மட்டத்துக்கு மேல் 1222 மீட்டர். ரோடு கிடையாதாம், ரயில் மட்டும்தான் போகும். இப்படி ஒரு ஊர் பூமியில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குழலு ஜன்னலோரம் உட்கார்ந்து பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு அசைந்தது. பெயர் சொல்லிப் பார்க்கிறாள்.

ஆஸ்லோவில் கடற்கரையில் ஒரு பெரிய இசை அரங்கம். அதன் கூரை மேலேயே எல்லாரும் நடக்கிறார்கள். அவளும் விறுவிறுவென்று ஏறிப் போனாள். முழங்காலைப் பார்த்துக்கொள் என்றேன்.

"வலிச்சா நான் சொல்ல மாட்டனா?" என்றாள். அப்புறம், "இந்த ஒரு வாரமா வலிக்கவே இல்ல. நீங்கதான் ஞாபகப்படுத்துதீய" என்றாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி. பிற்பகல் 1.15, ஃபின்சே

இதை ஃபின்சே ஸ்டேஷனை ஒட்டிய விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கோட்டு, போன், பர்ஸ், மனைவி எல்லாரும் ரயிலில் போய்விட்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலை 8.25க்கு ஆஸ்லோவில் புறப்பட்டோம். 12.40க்கு ஃபின்சே. காலாற நடக்க இறங்கினேன். சைக்கிள்காரர்கள் கும்பலாக வந்து சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற வரை நின்று பார்த்தேன். கடைசி ஆளும் ஏறினான். நான் முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். எல்லாக் கதவும் சரியாக இருந்தது. தூரத்தில் முதல் பெட்டி அருகே நின்ற கண்டக்டர் அம்மா என் பக்கம் பார்த்தார். என் வலது கை தானாக மேலே போனது. எல்லாம் சரி, புறப்படலாம்.

அவரும் கையைத் தூக்கிக் காட்டினார். யாரையோ வழியனுப்ப வந்த ஆள் என்று நினைத்திருப்பார். விசில். கதவுகள் மூடின. வண்டி உருண்டது.

அப்போதும் நான் பதறவில்லை. அதுதான் வேடிக்கை. நிதானமாக நின்றேன், கடைசிப் பெட்டி என்னிடம் வரட்டும் என்று. வந்தது. அதில் படியும் இல்லை, பிடிக்கக் கம்பியும் இல்லை, வழுவழுவென்று ஒரு சுவர் என் மூக்கைக் கடந்து போனது. வண்டியை அனுப்பி வைத்ததே நான்தான்.

விடுதியில் பெரித் என்கிற அம்மாள் இருந்தார். என் வயது இருக்கும். நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளிச் சட்டையைப் போர்த்திவிட்டு, சூப் ஒரு கிண்ணம் வைத்தார். பர்ஸ் இல்லை என்றேன். கையை வீசிவிட்டார். ரயில்வேக்குப் போன் போட்டார். அவர்கள் கண்டக்டரைப் பிடித்தார்கள், கண்டக்டர் குழலுவைப் பிடித்தார். பெரித் போனைக் காதில் வைத்தபடியே, "சாப்பிட்டீர்களா என்று உங்கள் மனைவி கேட்கிறார்" என்றார்.

சூப் குடிக்கிறேன் என்றேன்.

"வேறு என்ன சொல்ல வேண்டும்?"

"மிர்தாலில் இறங்கிக் காத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த வண்டியில் வருகிறேன்."

பெரித் அப்படியே சொன்னார். மிர்தால்தான் அடுத்து நிற்கிற ஸ்டேஷன், அரை மணி நேரம் கூட இல்லை. அடுத்த வண்டி இங்கே 4.15க்கு. மிர்தாலில் அவள் நிற்பாள், நான் போய்ச் சேர்வேன். இதுதான் முறையான ஏற்பாடு.

போனை வைத்துவிட்டு பெரித் கேட்டார். "பெர்கனில் உங்களுக்கு வேறு வேலை ஒன்றும் இல்லையே?"

"இல்லை. மனைவிக்கு நாலு மணிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டும். சின்ன வேலை" என்றேன்.

பிற்பகல் 2.20, ஃபின்சே

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சின்ன வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கருத்து இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியது பொய். அவள் போகக் கூடாது. அதுதான் என் கருத்து. முப்பத்தாறு வருடம் வெளியே கிடந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன், நான் வந்த பிறகு நீ கிளம்புகிறாயா என்று எனக்குக் கோபம். அதைச் சொல்ல வெட்கம். அதனால் முழங்கால், சூரியன், டிக்கெட் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டு, நீ இறங்கு என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டேன். எவன் செய்வான்?

பெரித்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உடனே மறுபடி போன் போட்டார். வண்டி எப்போதோ மிர்தாலைத் தாண்டிவிட்டது. அந்த அம்மாள் இறங்கினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் சுரங்கப்பாதையில் இருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. "உங்கள் மனைவியின் நம்பரைச் சொல்லுங்கள், நேராகவே கூப்பிடலாம்" என்றார்.

எனக்கு அவள் நம்பர் தெரியாது. செங்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டரின் பழைய ரயில்வே நம்பர் இன்றைக்கும் மனப்பாடம். விருதுநகர், தென்காசி, எல்லாம் சொல்வேன். அவள் நம்பரை என் போனில் 'வீடு' என்று போட்டு வைத்திருக்கிறேன். அழுத்தினால் போகும். அதுவும் நான் அழுத்தியது குறைவு, அவள்தான் கூப்பிடுவாள்.

அருங்காட்சியகத்தின் நம்பரை பெரித் தேடிக் கண்டுபிடித்தார். டோர்டிஸ் எடுக்கவில்லை, மணி அடித்து ஓய்ந்ததும் பேசிப் பதிவு செய் என்று ஒரு குரல் வந்தது. பேசினேன். எனக்குத் தெரிந்த ரயில்வே ஆங்கிலத்தில்.

"மேடம், நான் குழல்வாய்மொழியின் கணவன் ஆவுடையப்பன். ஓய்வு பெற்ற கார்டு. அவள் நாலு மணிக்கு வராவிட்டால் அது அவள் தவறு இல்லை. தாமதத்துக்குக் காரணம் நான். அவளுக்கு இந்த வேலை வேண்டும், ஜூலையிலிருந்தே வேண்டும். என்னிடம் கேட்டாள், நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவள் நல்ல வேலைக்காரி. நான் சாட்சி."

போனை பெரித்திடம் திருப்பிக் கொடுத்தேன்.

பிற்பகல் 3.30, ஃபின்சே

இரண்டே முக்கால் மணி நேரமாகக் காத்திருக்கிறேன். எதிரே பனிமலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, சூடாகக் காப்பி இருக்கிறது. இத்தனை வசதியோடு உட்கார்ந்தே என்னால் முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எங்கள் மகள் பிரமு பிறந்த அன்று, மலைப்பாதையில் மண் சரிந்து என் வண்டி பத்தொன்பது மணி நேரம் நின்றது. நான் போனபோது குழந்தையைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். குழலு கண்ணைத் திறந்து, "வண்டி லேட்டா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் எத்தனை வருடம், எத்தனை தடவை கதவைத் திறந்தாளோ, அத்தனை தடவையும் அதே கேள்விதான். ஏன் லேட் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிரமுவைத் தனியாகவே வளர்த்தாள், காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் தனியாகவே ஓடினாள். நான் வருகிற வரை சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருப்பாள். அப்படியே டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

இன்றைக்கு இந்த மேஜையில் உட்கார்ந்துதான் எனக்கு அது உறைக்கிறது. நான் எனக்குக் கிடைத்ததை எண்ணிப் பார்க்காத ஆள். இப்படிப்பட்ட ஒருத்தி எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன செய்தேன்?

குற்றாலத்து அம்மனிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருடமும் குழலு வீட்டில் இருக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வருவேன். தாயே, இன்றைக்கு மட்டும் அவள் மிர்தாலில் நிற்கக் கூடாது.

மாலை 5.00, ரயிலில்

4.15 வண்டி சரியாக 4.15க்கு வந்தது. பெரித் பிளாட்பாரம் வரை வந்தார். நான் முதல் ஆளாக ஏறினேன். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் அவருக்கு ஏதாவது அனுப்ப வேண்டும்.

கண்டக்டர் இளைஞர். "நீங்கள்தானா அந்த கார்டு?" என்று கேட்டார். இந்தப் பாதை முழுக்கப் பேர் பரவிவிட்டது.

மிர்தால் வந்தது. வண்டி நிற்கும் முன்பே கதவுக்குப் போய்விட்டேன். கீழே கால் வைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டி, முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். பெஞ்சில் ஒரு ஜப்பானியக் குடும்பம். காப்பிக் கடை வாசலில் இரண்டு பேர். சேலை இல்லை, எங்கள் நீலப் பை இல்லை. காத்திருக்கும் அறையின் கண்ணாடிக்குள்ளும் பார்த்தேன். யாரும் இல்லை.

அவள் இல்லை!

கதவு மூடியதும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். எதிர் சீட்டுக்காரர் காகிதக் கைக்குட்டை நீட்டினார். இந்த நாட்டில் எல்லாரும் எனக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரவு 8.00, பெர்கன்

6.55க்கு வண்டி வந்தது. பிளாட்பாரத்தில் குழலு நின்றாள். இரண்டு பையும் காலடியில், என் கோட்டு கையில்.

நான் இறங்கினேன்.

"வண்டி லேட்டா?" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? அந்தக் குளிர்ல, கோட்டு இல்லாம! எத்தன தடவ சொன்னேன், மொதல்ல ஏறுங்க, மொதல்ல ஏறுங்கன்னு."

"கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு."

"நல்லது."

"உங்ககிட்டக் கேக்காமத்தான் போட்டேன். போட்டு முடிச்ச பெறவுதான் டோர்டிஸ் போன எடுத்து, இதக் கேளுங்கன்னு வச்சாவ. உங்க குரலு. நல்ல வேலைக்காரி, நான் சாட்சின்னு..." கோட்டை என் தோளில் போட்டு இழுத்துவிட்டாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, வழக்கம்போல் தூறிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்டேன்.

"மிர்தால்ல இறங்கிக் காத்திருன்னு சொல்லி விட்டேனே. சொன்னாவளா?"

"சொன்னாவ."

"நீ இறங்கலயே."

பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"இறங்குனேன்" என்றாள். "சொன்ன ஒடனே ரெண்டு பையையும் தூக்கிட்டு இறங்கிட்டேன். யோசிக்கவே இல்ல. பிளாட்பாரத்துல நின்னு, உங்களுக்குச் சாப்பிட என்ன வாங்கி வைக்கலாம்னு கடையப் பாத்துட்டு நிக்கேன். அப்ப அந்தக் கண்டக்டரம்மா விசில எடுத்து வாயில வச்சா. இந்த வண்டி போயிட்டா நாலு மணியும் போச்சேன்னு அப்பத்தான் பட்டுது. ரெண்டு பையையும் தூக்கிட்டு ஓடிப் போயி ஏறிட்டேன். பெர்கன் வார வரைக்கும் உங்கள விட்டுட்டு வந்துட்டமேன்னு அழுதுட்டேதான் வந்தேன்."

"ரொம்ப நன்றிளா" என்றேன்.

"எதுக்கு?"

"ஏறுனதுக்கு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அவளுக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.